ஐந்து நாள் ரீஃபண்டும் ஓசியில் ருசி பார்க்கப்பட்ட டொமைன் பெயர்களும்

புதிதாக இணையதளம் தொடங்குகிறவர் முதலில் வாங்குவது ஒரு டொமைன் பெயரை, அதாவது தளத்தின் முகவரியைத்தான். மனதில் இருக்கும் பெயரைத் தட்டிப் பார்ப்பார். 'கிடைக்கிறது' என்று திரையில் வந்ததும், வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில் பணத்தைக் கட்டிவிடுவார். உறுதிசெய்யும் மின்னஞ்சல் வந்த பிறகு நிதானமாகப் படித்தால் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிய நமக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். 'தோட்டம்' என்பதற்கு ஒரு 'டி' போதுமா, இரண்டு வேண்டுமா, கடைசியில் 'எச்' வருமா என்று ஆளுக்கொரு வழக்கம் இருக்கிறதே.

இப்படித் தவறு செய்தவர் ஒரு வருடக் கட்டணத்தை அப்படியே இழக்க வேண்டாம் என்பதற்காக ஓர் ஏற்பாடு இருக்கிறது. பதிவு செய்த ஐந்து நாளுக்குள் பெயரை நீக்கிவிட்டால் பணம் திரும்பிவிடும். ஆங்கிலத்தில் 'ஆட் கிரேஸ் பீரியட்' என்பார்கள். நாம் 'சலுகைக் காலம்' என்றே வைத்துக்கொள்வோம். நல்ல எண்ணத்தில் வைத்த இந்த ஐந்து நாள்தான் 2000-களின் நடுப்பகுதியில் டொமைன் உலகத்தின் பெரிய சண்டைகளில் ஒன்றுக்குக் காரணமானது. அதில் நடந்த முறைகேட்டுக்கு 'டொமைன் டேஸ்டிங்' என்று பெயர், அதாவது பெயரை ருசி பார்ப்பது.

பணம் எந்த வழியில் போகிறது?

முறைகேடு புரிய வேண்டுமானால், நாம் கட்டும் பணம் யார் கைக்கெல்லாம் போகிறது என்று தெரிய வேண்டும். மூன்று பேர் இருக்கிறார்கள்.

டாட் காம் என்று முடியும் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே ஒரு மூல ஏடு உண்டு. அந்த ஏட்டை வைத்திருப்பவர் ரெஜிஸ்ட்ரி. டாட் காம், டாட் நெட் இரண்டுக்கும் அது வெரிசைன் நிறுவனம். டாட் ஆர்க்குக்கு பப்ளிக் இன்ட்ரஸ்ட் ரெஜிஸ்ட்ரி என்ற லாப நோக்கற்ற அமைப்பு. நம்மைப் போன்றவர்கள் நேரடியாக ரெஜிஸ்ட்ரியிடம் போய்ப் பெயர் வாங்க முடியாது. நமக்கு விற்பவர் ரெஜிஸ்ட்ரார். கோடாடி, நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் எல்லாம் ரெஜிஸ்ட்ரார்கள். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம் வரும். ஏடு வைத்திருப்பவர் ரெஜிஸ்ட்ரி, கடை வைத்திருப்பவர் ரெஜிஸ்ட்ரார் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் இருவருக்கும் மேலே, 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஐகான் என்ற அமைப்பு இருக்கிறது. விதிகளை வகுப்பதும் ஒப்பந்தம் போடுவதும் அதன் வேலை.

நாம் ரெஜிஸ்ட்ராரிடம் பணம் கட்டினால், அவர் அதில் ஒரு பங்கை ரெஜிஸ்ட்ரிக்குக் கொடுக்க வேண்டும். 2007 அக்டோபர் வரை ஒரு டாட் காம் பெயருக்கு வெரிசைன் வாங்கியது வருடத்துக்கு 6 டாலர். ஐகானுக்கும் ஒரு பெயருக்கு 20 சென்ட் சுமாரில் ஒரு சிறு கட்டணம் போகும். ஐந்து நாளுக்குள் பெயரை நீக்கினால் ரெஜிஸ்ட்ரி தன் 6 டாலரை முழுவதுமாக ரெஜிஸ்ட்ரார் கணக்கில் திருப்பி வைத்துவிடும். ஐகானும் தன் பங்கைக் கேட்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இந்த ரீஃபண்ட் ரெஜிஸ்ட்ரிக்கும் ரெஜிஸ்ட்ராருக்கும் இடையில் நடப்பது. வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று எந்த விதியும் ரெஜிஸ்ட்ராரைக் கட்டாயப்படுத்தவில்லை. தருகிறவர்களும் உண்டு, தராதவர்களும் உண்டு. யாருக்காக வைத்த சலுகை என்று சொன்னார்களோ, அவருக்கு அது உறுதியில்லை. சலுகையின் சாவி ரெஜிஸ்ட்ரார் கையில் இருந்தது. முறைகேட்டில் இறங்கியவர்களில் பலர் ரெஜிஸ்ட்ரார்களாகவே இருந்ததற்கு இதுதான் காரணம். ஐகானிடம் அங்கீகாரம் வாங்கி, தாங்களே ஒரு கடை போட்டு, தங்களுக்குத் தாங்களே பெயர்களை விற்றுக்கொண்டார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை.

ஒரு பெயரின் ஐந்து நாள்

ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்ப்போம். பலரும் தினமும் போகும் ஒரு பெரிய தளம் இருக்கிறது. அதன் பெயரில் பக்கத்துப் பக்கத்து எழுத்து இரண்டு இடம் மாறினால் என்ன வருமோ, அந்தப் பெயர் யாரிடமும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கணினி நிரல் அதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்கிறது. மனிதர் யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. அதே நொடியில் இன்னும் ஆயிரக்கணக்கான பெயர்களையும் அந்த நிரல் எடுத்திருக்கிறது.

முதல் நாள். அந்த முகவரியில் ஒரு பக்கம் முளைக்கிறது. அதில் கட்டுரை இல்லை, படம் இல்லை, விளம்பர இணைப்புகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. யாராவது முகவரியைத் தப்பாகத் தட்டி அங்கே வந்து, வழி தெரியாமல் ஓர் இணைப்பை அழுத்தினால், அந்தப் பக்கத்தை வைத்திருப்பவருக்குச் சில சென்ட் கிடைக்கும். இரண்டாம் நாள் இரண்டு பேர் வருகிறார்கள், யாரும் எதையும் அழுத்தவில்லை. மூன்றாம் நாள் ஒருவர் அழுத்துகிறார், 10 சென்ட் வரவு. நான்காம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் நிரல் கணக்குப் பார்க்கிறது: இந்தப் பெயர் ஐந்து நாளில் 10 சென்ட் சம்பாதித்திருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா, திருப்பிக் கொடுக்கலாமா?

6 டாலரை 365 நாளால் வகுத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 1.6 சென்ட் சொச்சம், ஐந்து நாளுக்கு 8.2 சென்ட். இந்தப் பெயர் 10 சென்ட் தந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் வருடத்தில் 7 டாலர் 30 சென்ட் வரும், ரெஜிஸ்ட்ரி கட்டணம் போக ஒரு டாலருக்கு மேல் லாபம். ஆகவே இது தங்குகிறது. இதனுடன் பதிவான மற்ற பெயர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கிளிக் கூட விழவில்லை. அவை அத்தனையும் நீக்கப்படுகின்றன, அத்தனைக்கும் பணம் முழுதாகத் திரும்புகிறது.

ஐந்து நாளில் ஒரே ஒரு கிளிக் விழுந்தால் போதும், பெயர் லாபகரமானதாகிவிடுகிறது. அவ்வளவு தாழ்ந்த வரம்பு. ஒரு பெயருக்கு ஒரு டாலர் லாபம் என்பது பெரிய விஷயமே இல்லை என்று தோன்றும். லட்சக்கணக்கில் பதிவு செய்து சல்லடையில் சலிக்கும்போது, சல்லடையில் தங்குபவை ஆயிரக்கணக்கில் சேரும். சலிப்பதற்கான கூலியோ பூஜ்ஜியம்.

முதலீடும் சுழன்றுகொண்டே இருக்கும். ரெஜிஸ்ட்ரி கணக்கில் 6 லட்சம் டாலர் வைத்திருப்பவர் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பெயர்களைப் பதிவு செய்யலாம். ஐந்து நாளில் அநேகமாக முழுப் பணமும் திரும்பிவிடும், உடனே அடுத்த லட்சம். மாதத்துக்கு ஆறு சுற்று.

இதில் இன்னொரு ரகமும் உண்டு. ஐந்தாம் நாள் பெயரை நீக்கிவிட்டு, அடுத்த சில நொடிகளில் அதே பெயரைத் திரும்பப் பதிவு செய்வது. இன்னொரு ஐந்து நாள், அப்புறம் இன்னொரு ஐந்து நாள். இப்படியே ஒரு காசுகூடக் கட்டாமல் பெயரை மாதக்கணக்கில் கையில் வைத்திருக்கலாம். கோடாடி நிறுவனர் பாப் பார்சன்ஸ் 2006-இல் இதற்கு 'டொமைன் கைட்டிங்' என்று பெயர் வைத்துப் பகிரங்கமாக எதிர்த்தார். கணக்கில் பணமில்லாமல் காசோலைக்கு மேல் காசோலை எழுதிக் காலம் தள்ளும் மோசடிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பெயரிலிருந்து வந்தது அது.

எவ்வளவு பெரிதாக நடந்தது?

ஏதோ ஓர் ஓரத்தில் நடந்த சின்ன விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 2007 ஜனவரியில் டாட் காம், டாட் நெட் இரண்டிலும் நீக்கப்பட்ட பெயர்கள் சுமார் 4 கோடியே 78 லட்சம். அதில் 4 கோடியே 54 லட்சத்தை, அதாவது 95 சதவீதத்தை, நீக்கியவர்கள் பத்தே பத்து ரெஜிஸ்ட்ரார்கள். அடுத்த மாதக் கணக்கைப் பார்சன்ஸ் சொன்னார். பிப்ரவரியில் பதிவான 5 கோடியே 51 லட்சம் பெயர்களில் 5 கோடியே 15 லட்சம் சலுகைக் காலத்துக்குள் நீக்கப்பட்டன, உண்மையில் தங்கியவை 36 லட்சம்தான். எழுத்துப் பிழை செய்துவிட்டு வருந்தியவர்கள் ஒரே மாதத்தில் ஐந்து கோடிப் பேர் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

இந்தப் பத்து என்ற எண் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முறைகேடு எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருந்தால் தீர்வு வேறு மாதிரி இருந்திருக்கும். விரல் விட்டு எண்ணக்கூடியவர்களிடம் குவிந்திருந்ததால்தான், நல்லவர்களைத் தொடாமல் இவர்களை மட்டும் பிடிக்கும் ஒரு விதியை எழுத முடிந்தது.

யாருக்கு என்ன நஷ்டம்?

பெயரை எடுத்தார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று என்று அப்போதே கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலும் இருக்கிறது.

முதலில், பெயர் தேடும் சாதாரண மனிதர். அவர் விரும்பிய பெயர் இன்று 'இல்லை' என்று காட்டும். ஐந்து நாள் கழித்து அது விடுபடும்போது அவருக்குச் செய்தி சொல்ல ஆள் இல்லை. விடுபட்ட நொடியிலேயே இன்னொரு நிரல் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். நிரலின் வேகத்தோடு மனிதர் போட்டி போட முடியாது.

புதுப்பிக்க மறந்து காலாவதியான பெயர்களின் கதி இன்னும் மோசம். பெயர் காலாவதியானதும் உடனே போய்விடாது. ரெஜிஸ்ட்ரார் 45 நாள் வரை வைத்திருக்கலாம், பிறகு உரிமையாளர் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள், கடைசியாக 5 நாள் காத்திருப்பு, அதன் பின்னரே பொதுவில் விழும். இப்படி விழும் பெயர்களுக்கு ஏற்கனவே வாசகர்கள் இருப்பார்கள். பழைய இணைப்புகள் அங்கங்கே கிடக்கும். அதனால் ருசி பார்க்கிறவர்களுக்கு இவை தனி விருப்பம். ஒரு சிறு அமைப்பு பல வருடம் நடத்திய தளத்தின் முகவரி, ஒரு மறதியால், விளம்பரப் பலகையாக மாறி நிற்கும்.

அடுத்து, வணிகப் பெயர் வைத்திருப்பவர்கள். தங்கள் பெயரைப் போன்ற போலிப் பெயரை யாராவது பதிவு செய்தால் முறையிட ஐகான் வகுத்த நடைமுறை ஒன்று இருக்கிறது. உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் ஒரே நடுவரை வைத்து வழக்கு நடத்த 1,500 டாலர் கட்டணம். முடிவு வர இரண்டு மாதமாவது ஆகும். பெயரின் ஆயுளோ ஐந்து நாள்! மனு எழுதி முடிப்பதற்குள் எதிராளியே மறைந்துபோயிருப்பார். அடுத்த வாரம் அதே பெயர் வேறொருவர் பேரில் நிற்கும். அதனால் சிலர் நீதிமன்றத்துக்கே போனார்கள். தன் பெயரைத் திரித்துப் பதிவு செய்ததாகச் சில ரெஜிஸ்ட்ரார்கள் மீது டெல் நிறுவனம் 2007-இல் வழக்குத் தொடுத்தது. பெரிய நிறுவனத்தால் அது முடியும், இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் தொழிலால் முடியாது.

மூன்றாவதாக, செலவு. கோடிக்கணக்கான பதிவுகளையும் நீக்கங்களையும் தாங்குகிற கணினிகளை ரெஜிஸ்ட்ரி வைத்திருக்க வேண்டும். ருசி பார்ப்பவர் இதற்கு எதுவும் தருவதில்லை. அப்படியானால் அந்தச் செலவைச் சுமந்தவர்கள் உண்மையாகக் காசு கொடுத்துப் பெயர் வாங்கியவர்கள்தான்.

2008 ஜனவரியில் வெளியே வந்த ஒரு விஷயம் பொதுமக்களின் கோபத்தைக் கிளப்பியது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் தளத்தில் யாராவது ஒரு பெயரைத் தேடினால், அந்த நிறுவனம் உடனே அதைத் தன் பேரில் பதிவு செய்து நான்கு நாள் வரை பிடித்து வைத்தது. தேடியவர் அந்த நாட்களில் அந்தப் பெயரை வேறு கடையில் மலிவாக வாங்க முடியாது. வாங்கினால் அங்கேதான். யாரும் வாங்காவிட்டால் சலுகைக் காலத்துக்குள் நீக்கிவிட்டால் போதும், செலவில்லை. தங்கள் வாடிக்கையாளர் தேடும் பெயரை மற்றவர்கள் தட்டிப் பறிக்காமல் காப்பாற்றவே இப்படிச் செய்தோம் என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த விளக்கம் பலருக்கு ஏற்புடையதாக இல்லை, வழக்கும் வந்தது. 'தேடிப் பார்த்தேன், மறுநாள் போய்விட்டது' என்று காலங்காலமாகப் புலம்பியவர்களுக்கு, தங்கள் சந்தேகம் வெறும் பிரமை இல்லை என்று அன்று தோன்றியிருக்கும். ஆனால் அப்படிப் போன எல்லாப் பெயரையும் யாரோ ஒட்டுக்கேட்டு எடுத்ததாகச் சொல்லிவிடவும் முடியாது. மாதத்துக்குக் கோடிக்கணக்கில் பெயர்கள் அள்ளப்பட்ட காலத்தில், தற்செயலாகவே பல பெயர்கள் மாட்டியிருக்கும்.

விவாதம் எங்கே முட்டியது?

ஐகானில் விதி உருவாகும் முறை கொஞ்சம் நீளமானது. டாட் காம் போன்ற பொதுப் பெயர்களுக்கான கொள்கையை ஜிஎன்எஸ்ஓ என்ற அவை பரிசீலிக்கும். ரெஜிஸ்ட்ரிகள், ரெஜிஸ்ட்ரார்கள், வணிக நிறுவனங்கள், அறிவுசார் சொத்துக்காரர்கள், வணிகம் சாராதவர்கள் என்று பல தரப்பும் அதில் உட்கார்ந்திருப்பார்கள். சாதாரண இணையப் பயனாளர்களின் குரலாக அலாக் என்ற ஆலோசனைக் குழு தனியாக உண்டு. 2007-இல் இந்த விஷயத்தை ஆராயச் சொல்லி முதலில் கேட்டது அந்தப் பயனாளர் குழுதான் என்பதைச் சொல்லியாக வேண்டும். பெரும் பணம் உள்ளவர்கள் மட்டும் எழுப்பிய பிரச்சினை இல்லை இது. அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் ஜிஎன்எஸ்ஓ முறைப்படி கொள்கை வகுக்கும் வேலையைத் தொடங்கியது.

மேசையில் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, சலுகைக் காலத்தையே எடுத்துவிடுவது. இரண்டு, ரெஜிஸ்ட்ரி தன் கட்டணத்தைத் திருப்பித் தந்தாலும், ஐகான் தன் 20 சென்ட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வது. மூன்று, அளவுக்கு மீறி நீக்குகிறவர்களிடம் மட்டும் கட்டணம் வசூலிப்பது.

முதல் வழி கேட்க எளிதாக இருந்தது. கதவை மூடினால் திருடன் வரமாட்டான். வணிகப் பெயர்க்காரர்களில் பலருக்கு அதுவே பிடித்திருந்தது. ஆனால் ரெஜிஸ்ட்ரார்கள் சொன்ன மறுப்பில் உண்மை இருந்தது. எழுத்துப் பிழை மட்டும் காரணமில்லை என்றார்கள். திருட்டு கிரெடிட் கார்டில் யாராவது பெயர் வாங்கினால், இரண்டு நாள் கழித்து வங்கி பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும். அப்போது பெயரை நீக்கிக் கட்டணத்தைத் திரும்பப் பெற முடியாவிட்டால் ரெஜிஸ்ட்ரார் நஷ்டப்படுவார். தங்கள் பதிவு அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கவும் அந்த ஐந்து நாள் தேவைப்பட்டது. சிறிய ரெஜிஸ்ட்ரார்களை இந்த இழப்பு அதிகமாகக் கடிக்கும். நான் இதை ஏற்றுக்கொள்கிறேன். பத்துப் பேர் செய்த தவறுக்கு நூற்றுக்கணக்கானவர்களின் பாதுகாப்பைப் பிடுங்குவது சரியில்லை.

ருசி பார்ப்பதில் தவறே இல்லை என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். விதியில் இல்லாத எதையும் நாங்கள் செய்யவில்லை, ஒரு பெயருக்குச் சந்தை இருக்கிறதா என்று ஆழம் பார்க்கிறோம், அவ்வளவுதான் என்றார்கள். விதி மீறப்படவில்லை என்பது உண்மை. ஆனால் சோதனை செய்கிறவர் சோதனைக்கான செலவைத் தானே ஏற்க வேண்டாமா? இங்கே லாபம் ஒருவருக்கு, செலவு ஊருக்கு.

இதில் உண்மையான சிக்கல், நோக்கத்தை எப்படி நிரூபிப்பது என்பதுதான். ஒரு பெயர் நீக்கப்பட்டால், அது பிழையைத் திருத்துவதற்காகவா, ருசி பார்த்து முடித்ததாலா என்று ரெஜிஸ்ட்ரியின் கணினிக்குத் தெரியாது. இரண்டும் ஒரே கட்டளைதான். காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் எல்லோரும் 'எழுத்துப் பிழை' என்றே எழுதுவார்கள். எண்ணத்தை அளக்க வழியில்லாதபோது எண்ணிக்கையை அளப்பது ஒன்றுதான் மிச்சம்.

எண்ணிக்கையை அளந்தால் போதும் என்பதற்கு ஒரு நல்ல முன்மாதிரி ஏற்கனவே இருந்தது. டாட் ஆர்க் ரெஜிஸ்ட்ரி 2007-இல் ஐகானின் அனுமதியோடு ஒரு சிறு கட்டணம் கொண்டுவந்தது. தான் பதிவு செய்த பெயர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சலுகைக் காலத்துக்குள் நீக்கும் ரெஜிஸ்ட்ரார், நீக்கிய பெயர் ஒவ்வொன்றுக்கும் 5 சென்ட் கட்ட வேண்டும். வெறும் 5 சென்ட்! டாட் ஆர்க்கில் ருசி பார்ப்பவர்களின் கூட்டம் கலைந்துபோனது. ஒரு பெயருக்கு ஐந்து நாளில் எதிர்பார்க்கும் வருமானமே சில சென்ட்தான் என்று மேலே பார்த்தோம். அதனால்தான் இவ்வளவு சிறிய கட்டணமும் அவர்களை விரட்டியது.

விளம்பரப் பக்கத்திலிருந்தும் ஓர் அடி விழுந்தது. பதிவாகி ஐந்து நாள்கூட ஆகாத பெயர்களில் தன் விளம்பரங்களைக் காட்டப்போவதில்லை என்று கூகுள் 2008 ஜனவரியில் அறிவித்தது. அந்தப் பக்கங்களுக்குப் படியளந்ததே இப்படிப்பட்ட விளம்பரங்கள்தான்.

வந்த தீர்வும் அதன் கணக்கும்

2008 ஏப்ரலில் ஜிஎன்எஸ்ஓ தன் பரிந்துரையை முடித்தது, ஜூனில் பாரிஸ் கூட்டத்தில் ஐகான் வாரியம் ஏற்றது. விதி இதுதான். ஒரு ரெஜிஸ்ட்ரார் ஒரு மாதத்தில் பதிவு செய்து தங்கவைத்த பெயர்களில் 10 சதவீதம் அல்லது 50 பெயர்கள், இரண்டில் எது அதிகமோ அதுவரைக்கும் ரீஃபண்ட் உண்டு. அதற்கு மேல் நீக்கினால் ரெஜிஸ்ட்ரி பணத்தைத் திருப்பித் தரக் கூடாது.

சதவீதத்தோடு 50 என்ற எண்ணையும் சேர்த்ததில் ஒரு கரிசனம் இருக்கிறது. மாதம் 100 பெயர் மட்டும் விற்கும் சிறு ரெஜிஸ்ட்ராருக்கு 10 சதவீதம் என்றால் பத்துப் பெயர்தான். ஒரே ஒரு திருட்டு கார்டுக்காரன் இருபது பெயர் வாங்கினால் அவர் கதை முடிந்தது. 50 என்ற தரைமட்டம் அவரைக் காக்கிறது. மாதம் 50,000 பெயர் விற்கும் பெரியவருக்கு 5,000 வரை அனுமதி, அவருக்கும் அது தாராளம்.

அதே விதியை நம் ருசிக்காரருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு லட்சம் பெயர் பதிவு செய்து ஆயிரத்தை வைத்துக்கொண்டு 99,000-ஐ நீக்குகிறார். தங்கியது ஆயிரம், அதில் 10 சதவீதம் நூறு. நூறு பெயருக்கு ரீஃபண்ட் கிடைக்கும், மீதி 98,900-க்குக் கிடையாது. டாட் காம் கட்டணம் அதற்குள் 6 டாலர் 86 சென்ட் ஆகியிருந்தது. பெருக்கினால் 6 லட்சத்து 78 ஆயிரம் டாலருக்கு மேல் போய்விடும். தங்கிய ஆயிரம் பெயர்களை வைத்து இதை ஒருநாளும் ஈடுகட்ட முடியாது.

ஒப்பந்தங்களில் இதைக் கொண்டுவரக் காலம் பிடிக்கும் என்பதால், ஐகான் தன் பட்ஜெட் வழியாக ஒரு முன்னேற்பாடும் செய்தது. 2008 ஜூலை முதல், இதே வரம்பைத் தாண்டி நீக்கப்படும் ஒவ்வொரு பெயருக்கும் ஐகானின் 20 சென்ட் கட்டணம் திரும்பாது. மேலே சொன்ன அதே கணக்கில் இது 19,780 டாலர். இது மட்டுமே போதுமானதாக இருந்தது. முதல் மாதத்திலேயே சலுகைக் கால நீக்கங்கள் 84 சதவீதம் குறைந்தன. முழு விதி 2009 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. 2008 ஜூனோடு ஒப்பிட்டால், 2009 ஏப்ரலில் நீக்கங்கள் 99.7 சதவீதம் சரிந்திருந்தன. கொள்கை விவாதங்களில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம். அந்த எண்ணைப் பார்க்கும்போதெல்லாம், முன்பு நடந்த நீக்கங்களில் உண்மையான பிழைத்திருத்தம் எவ்வளவு சொற்பமாக இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.

விதியில் ஒரு விலக்கும் உண்டு. ரெஜிஸ்ட்ரார் முன்கூட்டி அறிந்திருக்க முடியாத, அவர் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட அசாதாரணச் சூழல் வந்தால், வரம்பைத் தாண்டியதற்கும் ரீஃபண்ட் கேட்டு ரெஜிஸ்ட்ரியிடம் விண்ணப்பிக்கலாம். பெரிய அளவில் கார்டு மோசடி நடந்தால் இது கைகொடுக்கும். இந்த விலக்கே புதிய ஓட்டையாகிவிடக் கூடாது என்பதையும் யோசித்திருக்கிறார்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்கு அடிக்கடி வரும் 'அசாதாரணச் சூழல்' அசாதாரணமாகக் கருதப்படாது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை எழுதியவர்கள், முந்தைய சலுகை எப்படிப் பறிபோனது என்பதை மறக்காதவர்கள்.

சரி, இன்று பெயர் வாங்குகிற உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது? ஐந்து நாள் சலுகைக் காலம் இன்றும் அப்படியே இருக்கிறது, வரம்போடு. பெயரில் பிழை இருப்பதைக் கண்டால் முதலில் உங்கள் ரெஜிஸ்ட்ராரின் ரீஃபண்ட் விதியைப் படியுங்கள், ஏனென்றால் உங்களுக்குத் திருப்பித் தருவதா இல்லையா என்பது அவர் முடிவு. தருவதாக இருந்தால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். ஐந்து நாள் என்பது வேலை நாள் கணக்கில்லை. பதிவான நொடியிலிருந்து 120 மணி நேரம், சனி ஞாயிறும் சேர்த்துத்தான். சரியான எழுத்தோடு உள்ள பெயர் இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்து அதை முதலில் பதிவு செய்துகொண்டு, அதன் பிறகு பிழையான பெயரை நீக்கச் சொல்லி எழுதுங்கள்.